ஆம்புலன்ஸ் தாமதத்துக்கு ஓட்டுநரிடம் விளக்கம் கேட்கும் முன்

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சேலத்தில் உங்கள் அறக்கட்டளை மூன்று ஆம்புலன்ஸ் நடத்துகிறது. இரண்டு நகரத்தில், ஒன்று ஏற்காட்டில். போன் வந்த நேரத்திலிருந்து வண்டி போய்ச் சேரும் வரை ஏப்ரலில் சராசரியாக 19 நிமிடம் ஆனது, மே மாதம் 24 ஆகிவிட்டது. ஓட்டுநர்கள் எல்லாரிடமும் எழுத்து மூலமாக விளக்கம் வாங்க வேண்டும் என்று கமிட்டியில் முடிவாகியிருக்கிறது. தொழிற்சாலைகளில் வைத்திருக்கும் புள்ளியியல் தரக் கட்டுப்பாட்டை இதற்குப் பயன்படுத்தலாமா, அல்லது நான்காவது வண்டி வாங்குவதுதான் வழியா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே ஜூன் முதல் மே வரை 12 மாத சராசரியையும் கொடுத்திருக்கிறீர்கள். நல்ல காரியம் செய்தீர்கள். அது இல்லாமல் இந்தக் கேள்விக்கு யாராலும் பொறுப்பாகப் பதில் சொல்ல முடியாது.

பயன்படுத்தலாமா என்பதற்கு ஒரே வரியில் பதில்: தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் உங்கள் கேள்விக்குள் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. 19 என்பது 24 ஆனது ஏதோ கெட்டுப்போனதன் அறிகுறியா? ஆம் என்றால் அதற்கு வண்டி ஓட்டுகிறவர் பொறுப்பா? இந்த இரண்டுக்கும் விடை தெரியாமல் விளக்கக் கடிதமும் கேட்கக்கூடாது, வண்டியும் வாங்கக்கூடாது.

நான் புள்ளியியல் படித்துவிட்டு சேலம் வட்டார நூற்பாலைகளில் எஸ்.க்யூ.சி. என்னும் புள்ளியியல் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்தவன். பிறகு ஆம்புலன்ஸ் நடத்தும் சில அமைப்புகளுக்கு அவர்களுடைய ட்ரிப் ஷீட்டுகளை, அதாவது ஒவ்வொரு ஓட்டத்தின் நேரங்களையும் எழுதும் தாள்களை, வாங்கிக் கணக்குப் பார்த்துக் கொடுத்து வருகிறேன். மருத்துவம் எனக்குத் தொழில் கிடையாது. எந்த நோயாளிக்கு எத்தனை நிமிடத்துக்குள் என்ன செய்ய வேண்டும் என்பதில் உங்கள் மருத்துவ ஆலோசகர் சொல்வதே முடிவு. நேரத்தை அளப்பது, அந்த அளவு என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்பது வரைதான் என் எல்லை.

இந்த முறைக்கு வயது நூறு தாண்டிவிட்டது. 1924 மே 16 அன்று, தொலைபேசிக் கருவிகள் செய்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்த வால்டர் ஷூவார்ட் தன் மேலதிகாரிக்கு ஒரு சின்னக் குறிப்பு அனுப்பினார். அதில்தான் முதல் கன்ட்ரோல் சார்ட் இருந்தது: அளவுகளை வரிசையாகப் புள்ளி வைத்து, மேலும் கீழும் எல்லைக்கோடு போட்ட படம். எந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தாலும் அளவு கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தில் பெரும்பகுதி வேலை நடக்கும் முறையிலேயே பிறப்பது. அதற்குத் தனியாக ஒரு காரணத்தைத் தேடினால் கிடைக்காது. எப்போதாவது வரும் ஒரு மாற்றத்துக்கு மட்டும் விரல் வைத்துக் காட்டக்கூடிய தனிக் காரணம் இருக்கும். இரண்டையும் பிரித்துக் காட்டுவதுதான் அந்தச் சார்ட்டின் வேலை. இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய மகாலனோபிஸின் முயற்சியில் ஷூவார்ட் 1947–48இல் இந்தியாவுக்கே வந்து போனார். அந்தக் கழகம் வழியாக இது நம் ஆலைகளுக்குள் வந்தது. அதனால் இதை அந்நியச் சரக்கு என்று உங்கள் கமிட்டியில் யாராவது தள்ளினால், கோயம்புத்தூர், சேலம் மில்களில் வேலை பார்த்தவர்கள் யாரையாவது கூப்பிட்டுக் கேளுங்கள்.

மில்லில் நான் பார்த்த ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் உங்கள் கமிட்டி செய்யப்போவதும் அதுதான். பஞ்சு இழையை நீட்டிச் சீராக்கும் டிராஃப்ரேம் இயந்திரத்தில் ஓடும் சிலைவரை, அதாவது முறுக்கேறாத பஞ்சுத் திரியை, வெட்டி எடுத்து எடை போடுவார்கள். எடை கொஞ்சம் கூடியிருந்தால் உடனே இழுவையை நிர்ணயிக்கும் பற்சக்கரமான பினியனை மாற்றுவார் சூப்பர்வைசர். அடுத்த முறை எடை குறைந்திருக்கும், திரும்பவும் மாற்றுவார். இயந்திரத்தில் ஒரு கோளாறும் இருந்திருக்காது. மாற்றி மாற்றியே நூலின் கவுண்ட், அதாவது பருமன் அளவு, முன்பைவிட அதிகமாக அலையும். எல்லைக்கு வெளியே போனால் ஒழிய பினியனில் கை வைக்காதீர்கள் என்று சொல்லி நிறுத்தினாலே பாதிப் பிரச்சினை தீரும். ஒவ்வொரு மாதச் சராசரிக்கும் ஓட்டுநரைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பது இதே வகை. அந்த மாதம் எண் கூடினால் திட்டு, குறைந்தால் பாராட்டு. இரண்டாலும் வண்டி வேலைமுறை மாறாது, ஆளின் மனசுதான் மாறும்.

இனி உங்கள் எண்களையே எடுத்துக்கொள்கிறேன். ஜூன் தொடங்கி 20, 22, 18, 21, 17, 21, 19, 23, 20, 16, 19, மே மாதம் 24. கூட்டினால் 240, சராசரி 20. அடுத்தடுத்த மாதங்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைக் கூட்டல் கழித்தல் குறி பார்க்காமல் எழுதினால் 2, 4, 3, 4, 4, 2, 4, 3, 4, 3, 5. மொத்தம் 38, பதினொன்றால் வகுத்தால் 3.45. இதை 2.66 என்ற எண்ணால் பெருக்க வேண்டும். தனித்தனி அளவுகளுக்குப் போடும் சார்ட்டுக்கு இந்த எண் மாறாது, எந்த எஸ்.க்யூ.சி. கையேட்டிலும் இருக்கும். பெருக்கினால் 9.2 வருகிறது. சராசரியோடு இதைக் கூட்டினால் மேல் எல்லை 29.2, கழித்தால் கீழ் எல்லை 10.8.

மே மாதத்தின் 24 இந்த எல்லைக்கு உள்ளேதான் இருக்கிறது, அதுவும் வசதியாக. எட்டு மாதம் தொடர்ந்து சராசரிக்கு ஒரே பக்கமாகப் புள்ளிகள் நின்றிருந்தால் அதையும் ஒரு அறிகுறியாக எடுத்துக்கொள்வோம். காரணம் எதுவுமில்லாமல் அப்படி அமைய 128இல் ஒரு வாய்ப்புதான். உங்கள் கணக்கில் அதுவும் இல்லை. ஆக இந்த 12 எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால், 19லிருந்து 24க்குப் போனதைத் தனிக் காரணம் உள்ள மாற்றம் என்று சொல்ல ஆதாரமில்லை. உங்கள் ஏற்பாடு இப்போது இருக்கிறபடி இருந்தால் ஒரு மாதம் 16 வரும், ஒரு மாதம் 24 வரும், ஒரு மாதம் 27கூட வரலாம். விளக்கக் கடிதத்தை நிறுத்தி வைக்க இது போதும்.

இங்கே இரண்டு எச்சரிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது. 12 புள்ளி என்பது குறைவு. எல்லைகளைத் தற்காலிகமானவை என்று வைத்துக்கொண்டு, இருபது இருபத்தைந்து புள்ளி சேர்ந்த பிறகு திரும்பப் போடுங்கள். இரண்டாவது இன்னும் முக்கியம். எல்லைக்குள் இருக்கிறது என்பதற்கு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் கிடையாது. மூச்சு நின்றுவிட்ட ஒருவருக்கு 20 நிமிடம் என்பது பயங்கரமான தாமதம். அது மாதாமாதம் மாறாமல் 20ஆக இருக்கிறது என்பதில் ஆறுதல் ஒன்றுமில்லை. சார்ட் சொல்வது இவ்வளவுதான்: இந்த 20ஐக் குறைக்க வேண்டுமானால் ஒரு மாதத்தையோ ஒரு ஆளையோ பிடித்துக் கேட்டுப் பயனில்லை, வேலை நடக்கும் முறையையே மாற்ற வேண்டும். அது கமிட்டியின் கையில் இருக்கிறது, ஓட்டுநர் கையில் இல்லை.

ஆனாலும் உங்கள் எண்ணில் எனக்கு ஒரு பெரிய குறை தெரிகிறது. மூன்று வண்டியின் நேரத்தையும் ஒன்றாகக் கலந்து ஒரே சராசரியாக எடுத்திருக்கிறீர்கள். சேலம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டருக்கு மேல். அடிவாரத்திலிருந்து மேலே போக 20 கொண்டை ஊசி வளைவு. நகரத்துக்குள் அஸ்தம்பட்டியிலிருந்து ஐந்து ரோட்டுக்கு ஓடும் வண்டியையும், ஏற்காடு ஒண்டிக்கடையிலிருந்து நாகலூர் பக்கம் ஒரு எஸ்டேட் லைன் வீட்டுக்கு ஓடும் வண்டியையும் ஒரே கூடையில் போட்டால் வரும் எண் யாருடைய எண்ணும் இல்லை.

இதனால் என்ன கெடுகிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் காட்டுகிறேன். நகர அழைப்புக்கு 15 நிமிடம், மலை அழைப்புக்கு 40 நிமிடம் என்று வையுங்கள். மொத்த அழைப்பில் மலையின் பங்கு 20 சதவீதம் என்றால் கலந்த சராசரி 20 வரும். மலையின் பங்கு 36 சதவீதம் ஆனால் அதே சராசரி 24 ஆகிவிடும். ஒரு வண்டிகூட ஒரு நிமிடம் தாமதமாகப் போயிருக்காது. மே மாதம் என்பதைக் கவனியுங்கள். கோடை விழா, மலர்க் கண்காட்சி, பள்ளி விடுமுறை எல்லாம் சேர்ந்து மலையில் ஆள் நிறைந்திருக்கும் மாதம் அது. மலை அழைப்பு கூடுவது இயல்பு. உங்கள் ட்ரிப் ஷீட்டில் மே மாதத்தில் மலை அழைப்பு எத்தனை, ஏப்ரலில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள், அரை மணி நேர வேலை. என் ஊகம் சரியாக இருந்தால் அந்த 5 நிமிடத்தில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும். ஊகம் என்று சொல்லியே எழுதுகிறேன், ஷீட்டைப் பார்க்காமல் இதை உறுதியாகச் சொல்லக்கூடாது.

கலப்பதில் இன்னொரு கெடுதலும் உண்டு, அது எதிர்ப்பக்கம் வேலை செய்யும். கலவை மாதாமாதம் மாறுவதால் ஏற்ற இறக்கம் பெரிதாகி எல்லைகள் அகலமாகிவிடும். நகர வண்டியில் நிஜமாகவே ஒரு கோளாறு வந்து 15 நிமிடம் 19 ஆனாலும் அந்த அகலத்துக்குள் மறைந்துபோகும். ஆகவே நகரத்துக்கு ஒரு சார்ட், மலைக்கு ஒரு சார்ட் கட்டாயம். முடிந்தால் பகல், இரவு என்றும் பிரியுங்கள். அதற்கு மேல் பிரிக்க வேண்டாம், ஒவ்வொன்றிலும் எண்ணிக்கை குறைந்து சார்ட் ஊமையாகிவிடும். மலையில் அழைப்பு குறைவு என்பதால் மாதச் சராசரி எடுக்காமல், வந்த வரிசையிலேயே ஒவ்வொரு அழைப்பையும் ஒரு புள்ளியாக வைப்பது நல்லது. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், தனி அழைப்புகளின் நேரம் சமமாகப் பரவாது. 5 நிமிடத்துக்குக் கீழே போக வழியில்லை, மேலே 90 நிமிடம்கூடப் போகும். அப்படிச் சாய்ந்திருக்கும் எண்களுக்குச் சராசரியைவிட நடு எண்ணே மேல்: எல்லாவற்றையும் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கினால் நடுவில் நிற்பது. அதோடு, பத்தில் ஒன்பது அழைப்பு எத்தனை நிமிடத்துக்குள் முடிந்தது என்பதையும் எழுதுங்கள். சராசரி நன்றாக இருந்து பத்தாவது ஆள் ஒரு மணி நேரம் காத்திருந்தால், அந்தக் குடும்பத்துக்கு உங்கள் சராசரி எந்த உதவியும் செய்யவில்லை. இங்கிலாந்தில் 2017 முதல் இப்படி இரண்டு எண் வைத்திருக்கிறார்கள். உயிருக்கு உடனடி ஆபத்துள்ள அழைப்புகளுக்குச் சராசரி 7 நிமிடம், பத்தில் ஒன்பது 15 நிமிடத்துக்குள். அந்த எண்களை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டாம். இரண்டு எண் வைக்கும் பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து, எதை அளக்கிறீர்கள் என்பது. போன் வந்தது, வண்டி சேர்ந்தது என்ற இரண்டு நேரம் மட்டும் எழுதினால், நடுவில் எங்கே நேரம் போனது என்று தெரியாது. போன் எடுத்த நேரம், வண்டிக்குச் சொன்ன நேரம், சக்கரம் நகர்ந்த நேரம், இடத்தை அடைந்த நேரம், நோயாளியின் பக்கத்தில் போய் நின்ற நேரம், அங்கிருந்து கிளம்பிய நேரம், ஆஸ்பத்திரி வாசலை அடைந்த நேரம், ஸ்ட்ரெச்சர் திரும்பக் கைக்கு வந்து வண்டி அடுத்த அழைப்புக்குத் தயாரான நேரம். எட்டு நேரம். ஒவ்வொரு துண்டுக்கும் காரணம் வேறு, பொறுப்பாளர் வேறு. ஓட்டுநர் ஸ்டீயரிங் பிடித்திருப்பது இதில் இரண்டே துண்டில்தான்.

நான் பார்த்த ஷீட்டுகளில் ஆச்சரியமாக இருந்தது முதல் இரண்டு துண்டுகள்தான். வண்டிக்குச் சொல்லி சக்கரம் நகர்வதற்குள் போகும் நேரம் ஒரு முறை ஒரு நிமிடம், இன்னொரு முறை ஏழு நிமிடம் என்று அலைகிறது. பக்கத்தில் நின்று பார்த்தால் காரணம் புரியும். சாவி அலுவலக மேசை டிராயரில் இருக்கும், அட்டெண்டர் டீக்கடையில் இருப்பார், ஆக்சிஜன் சிலிண்டரின் முள் சிவப்பைத் தொட்டிருப்பதைக் கிளம்பும்போதுதான் பார்த்து மாற்றுவார்கள், ரிவர்ஸ் எடுக்க வாசலில் நிறுத்திய பைக்கை நகர்த்த ஆள் தேடுவார்கள். இவை எல்லாம் ஷிஃப்ட் மாறும்போது பத்து நிமிடம் செலவழித்துச் சரிபார்த்தால் இல்லாமல் போகக்கூடியவை. மலைப்பாதையில் வேகத்தைக் கூட்டி மூன்று நிமிடம் மிச்சம் பிடிக்கச் சொல்வதைவிட இது எத்தனையோ மடங்கு பத்திரமானது. சைரன் போட்டு விரட்டுவதால் மிச்சமாகும் நேரம் பெரும்பாலும் ஒரு சில நிமிடம்தான் என்று வெளிநாட்டில் அளந்து பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். விபத்து அபாயம் கூடுவதையும் கண்டிருக்கிறார்கள். கொண்டை ஊசி வளைவில் அந்தப் பேரத்துக்கு யாரையும் தள்ளாதீர்கள். விளக்கக் கடிதத்துக்குப் பயந்து ஓட்டுநர் முதலில் செய்வது வேகத்தைக் கூட்டுவதாகத்தான் இருக்கும். அந்தக் கடிதம் வேண்டாம் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல அதுவே முதல் காரணம்.

கணக்குக்கு முன்னால் கடிகாரத்தைச் சோதியுங்கள். ட்ரிப் ஷீட்டில் எழுதிய நேரங்களின் கடைசி இலக்கத்தை மட்டும் எண்ணிப் பாருங்கள். உண்மையிலேயே பார்த்து எழுதியிருந்தால் 0லிருந்து 9 வரை ஒவ்வொரு இலக்கமும் ஏறக்குறைய பத்து சதவீதம் வர வேண்டும். 0, 5 இரண்டும் சேர்ந்து இருபது சதவீதம். கையால் எழுதும் ஷீட்டுகளில் இந்த இரண்டும் அதைவிட மிக அதிகமாகக் குவிந்திருப்பதுதான் வழக்கம்: 10.05, 10.20, 10.45. ஷீட் எழுதுகிறவர் பொய் எழுதவில்லை. நோயாளியை இறக்கிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, பத்து நிமிடம் கழித்து நினைவிலிருந்து எழுதுகிறார். அப்படி எழுதிய எண்ணை வைத்துக்கொண்டு இரண்டு நிமிட முன்னேற்றம் கண்டுபிடித்துவிட்டோம் என்று சொல்லக்கூடாது. வழி எளிது. ஒவ்வொரு கட்டத்திலும் அட்டெண்டர் அலுவலக வாட்ஸ்அப் எண்ணுக்கு ஒரே ஒரு எண்ணைத் தட்டி அனுப்பட்டும்: நகர்ந்தால் 3, சேர்ந்தால் 4. நேரத்தை போனே பதிந்துகொள்ளும். மலையில் சிக்னல் இல்லாத இடங்களில் செய்தி தாமதமாகப் போகலாம், அனுப்பியவர் போனில் இருக்கும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜி.பி.எஸ். இருந்தால் சக்கரம் நகர்ந்ததும் நின்றதும் தானாகவே தெரியும், ஆனால் நோயாளியின் பக்கத்தில் போன நேரத்தை அது சொல்லாது.

மலைக்கு அந்தக் கடைசி வித்தியாசம்தான் உயிர். சேர்வராயன் மலைக் கிராமங்களில் வண்டி போய் நிற்கும் இடமும் நோயாளி இருக்கும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை. காப்பித் தோட்டத்துக்குள் வண்டிப்பாதை முடிந்த இடத்திலிருந்து ஒற்றையடிப் பாதை. உறவுக்காரர்கள் போர்வையில் தொட்டில் கட்டித் தூக்கி வந்தால்தான் உண்டு. வண்டி சேர்ந்தது 25 நிமிடம், நோயாளியைக் கண்டது 50 நிமிடம் என்றால் உங்கள் புத்தகத்தில் 25தான் ஏறியிருக்கும். இங்கே நேரத்தைக் குறைக்க வண்டியைத் தொட வேண்டியதே இல்லை. போன் எடுக்கிறவரிடம் ஒரு நோட்டு இருக்க வேண்டும். அதில் ஒவ்வொரு ஊருக்கும் எஸ்டேட்டுக்கும் வண்டி எதுவரை போகும், மழையில் எதுவரை போகும், அங்கே யாரைக் கூப்பிட்டால் ஆளைத் தூக்கி ரோட்டுக்குக் கொண்டுவர ஏற்பாடு செய்வார் என்று எழுதியிருக்க வேண்டும். எஸ்டேட் மேஸ்திரி, ரேஷன் கடைக்காரர், கிராம சுகாதாரச் செவிலியர் யாராகவும் இருக்கலாம். வண்டி மேலே ஏறும் அதே நேரத்தில் நோயாளி கீழே நகர்ந்துகொண்டிருந்தால் எவ்வளவு மிச்சம் என்று யோசித்துப் பாருங்கள். யாரை அசைக்கலாம், விழுந்து முதுகில் அடிபட்டவரை அசைக்கக்கூடாது என்பதைப் போனிலேயே சொல்வதற்கு உங்கள் மருத்துவர் நாலு வரி எழுதிக் கொடுக்க வேண்டும்.

தனிக் காரணம் என்றால் என்ன என்பதற்கும் மலையே நல்ல உதாரணம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அந்த நாட்களின் நேரம் எந்தச் சார்ட்டிலும் எல்லையைத் தாண்டித்தான் இருக்கும். அந்தப் புள்ளியை அழிக்காதீர்கள். பக்கத்தில் காரணத்தை எழுதி, எல்லைகளைக் கணக்கிடும்போது மட்டும் விட்டுவிடுங்கள். பிறகு அந்தப் புள்ளியை வைத்துத்தான் கமிட்டியில் பேச வேண்டும்: அடிவாரம் வழி அடைபட்டால் குப்பனூர் வழியில் யார் எப்போது திருப்பிவிடுவது, மேலே ஏற்காடு அரசு மருத்துவமனையோடு முன்கூட்டியே என்ன பேசி வைத்திருக்கிறோம் என்று. தனிக் காரணத்துக்குத் தனி ஏற்பாடு, அன்றாட ஏற்ற இறக்கத்துக்கு வேலைமுறையில் மாற்றம். இரண்டையும் மாற்றிச் செய்தால் இரண்டுமே வீண்.

மாற்றம் எதைச் செய்தாலும் ஒன்றொன்றாகச் செய்யுங்கள், செய்த தேதியைச் சார்ட்டில் கோடு போட்டுக் குறியுங்கள். முன்பு இவ்வளவு, இப்போது இவ்வளவு என்று இரண்டு எண்ணை வைத்து வெற்றி அறிவிக்க ஆசை வரும். ஐந்து ரோடு இரண்டடுக்கு மேம்பாலத்தை நினைத்துப் பாருங்கள். அது திறந்தது 2020 ஜூனில். அதன் பிறகு ஒரு ஆம்புலன்ஸ் அந்தச் சந்திப்பைச் சீக்கிரம் கடந்தது என்றால் பாலத்தாலா, கொரோனா ஊரடங்கில் ரோடு காலியாக இருந்ததாலா? அந்த வருஷத்து எண்களை மட்டும் வைத்து யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. போக்குவரத்து பழையபடி திரும்பிய பிறகும் புள்ளிகள் கீழேயே நின்றால்தான் பாலத்தின் பலன் என்று சொல்ல நியாயம் பிறக்கும். உங்கள் ஜூன் மாத எண் மே மாதத்தைவிடக் குறைந்து வரவே வாய்ப்பு அதிகம், சீசன் முடிந்துவிடும் அல்லவா. அதற்குள் விளக்கக் கடிதம் போயிருந்தால், கடிதம் வேலை செய்தது என்று கமிட்டி நம்பிவிடும். அடுத்த வருஷமும் எழுதும்.

இலக்கு வைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. 15 நிமிடத்துக்குள் போகாவிட்டால் நடவடிக்கை என்று எழுதி ஒட்டினால், ஷீட்டில் 14 நிமிடங்கள் பெருகும். இங்கிலாந்தில் 8 நிமிடம் என்று கண்டிப்பான இலக்கு வைத்திருந்த காலத்தில் சில இடங்களில் 8 நிமிடத்துக்குச் சற்று முன்னால் எண்கள் மலைபோலக் குவிந்து, அதைத் தாண்டியதும் திடீரென்று சரிந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். ரோட்டில் ஓடும் வண்டிகளின் நேரம் அப்படி ஒரு இடத்தில் வெட்டிவிட்டாற்போல் நிற்காது. அளவை எழுதுகிறவனே அந்த அளவால் தண்டிக்கப்பட்டால் அளவு கெட்டுப்போகும். நேர்மையான ட்ரிப் ஷீட்தான் உங்களிடம் இருக்கும் மிகப் பெரிய சொத்து. அதைக் கெடுக்கும் எந்த விதியையும் போடாதீர்கள்.

நேரம் குறைந்தால் உயிர் பிழைக்குமா என்ற கேள்வியில் உறுதியானதும் சந்தேகமானதும் கலந்து கிடக்கிறது. இதயம் நின்றுபோனவருக்கு நெஞ்சை அழுத்தும் முதலுதவியும் மின் அதிர்ச்சியும் இல்லாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. இதில் மருத்துவ உலகில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. இந்தக் கணக்கில் 20 நிமிடத்தை 16 ஆக்குவது அவருக்கு ஏறக்குறைய எதையும் தராது. போனில் பேசிக்கொண்டே வீட்டிலிருப்பவரை நெஞ்சை அழுத்த வைப்பதுதான் தரும். எல்லா நோயையும் சேர்த்துப் பார்க்கும்போது சில நிமிடம் குறைத்ததால் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பது தெளிவாகத் தெரிவதில்லை. கால் உடைந்தவருக்கு நாலு நிமிடம் வலிக் கணக்கு, உயிர்க் கணக்காக இருப்பது அபூர்வம். பிரசவத்தில் ரத்தப்போக்கு, பாம்புக்கடி, மூச்சுத்திணறல், பெரிய சாலை விபத்து ஆகியவற்றைத் தனியாகக் குறித்து அவற்றின் நேரத்தை மட்டும் வேறு நிறத்தில் புள்ளி வையுங்கள். குறைக்க வேண்டியது முதலில் அந்த நிறத்தைத்தான்.

இனி நான்காவது வண்டி. இதற்குச் சார்ட் பதில் சொல்லாது, வேறு கணக்கு வேண்டும். ஏற்காடு வண்டி ஒரு நோயாளியைச் சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ஒப்படைத்து, ஸ்ட்ரெச்சர் வாங்கிக்கொண்டு மலை ஏறித் திரும்ப 3 மணி நேரம் ஆகிறது என்று வையுங்கள். நாளுக்கு இரண்டு ட்ரிப் என்றால் 24 மணி நேரத்தில் 6 மணி நேரம் மலையில் வண்டியே இல்லை, கால் பங்கு. அழைப்பு எந்த நேரத்திலும் ஒரே மாதிரி வரும் என்று எடுத்துக்கொண்டால் நாலில் ஒரு அழைப்பு, மேலே வண்டி இல்லாத நேரத்தில் வரும். பகலில் அழைப்பும் ட்ரிப்பும் சேர்ந்தே வருவதால் நிஜத்தில் இன்னும் கூடுதலாகத்தான் இருக்கும். மலை அழைப்புகளில் மிக மோசமாகத் தாமதமானவற்றை மட்டும் தனியாக எடுத்து, அந்த நேரத்தில் ஏற்காடு வண்டி எங்கே இருந்தது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பெரும்பாலானவை வண்டி சேலத்தில் இருந்தபோது வந்தவை என்றால் கூடுதல் வண்டிக்கு நியாயம் இருக்கிறது. அதிலும் முதலில் ஸ்ட்ரெச்சருக்காகக் காத்திருக்கும் நேரத்தைப் பாருங்கள். வண்டியில் கூடுதலாக ஒரு ஸ்ட்ரெச்சர் வைத்து, நோயாளியோடு ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றோடு கிளம்ப முடிந்தாலே அரை மணி நேரம் மிச்சமாகலாம். வண்டி கீழே இறங்கும்போதெல்லாம் 108க்குச் சொல்லிவைக்கும் பழக்கத்தையும் ஏற்படுத்துங்கள். 2008 செப்டம்பரிலிருந்து தமிழ்நாட்டில் ஓடும் சேவை அது, உங்களிடம் வண்டி இல்லாத நேரத்தில் வரும் அழைப்பை ஒரு நொடி தாமதிக்காமல் அங்கே மாற்றிவிட வேண்டும்.

மாறாக, மோசமான தாமதங்கள் நடந்தபோதும் வண்டி ஒண்டிக்கடையில் சும்மாதான் நின்றிருந்தது என்று தெரிந்தால், நான்காவது வண்டியும் அதன் பக்கத்தில் சும்மாதான் நிற்கும்.

வாங்குவதாக முடிவெடுத்தால், நன்கொடையாளரிடம் வண்டி விலையை மட்டும் சொல்லாதீர்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு ஆளின் வேலை வாரத்துக்கு 48 மணி நேரம். ஒரு இருக்கையை இரவு பகலாக நிரப்ப மூன்றரை ஆள் வேண்டும், லீவையும் சேர்த்தால் நாலு. ஓட்டுநர், அட்டெண்டர் என்று இரண்டு இருக்கைக்கு எட்டுப் பேரின் மாதச் சம்பளம். அதற்கு வழியில்லாமல் வாங்கிய வண்டி இரவு எட்டு மணிக்கு மேல் ஷெட்டில்தான் நிற்கும்.